தக்காளி வதங்கட்டும், முட்டை காத்திருக்கட்டும்

தக்காளித் தொக்கில் முட்டையை உடைத்து ஊற்றி, மூடி போட்டு வேகவைத்துச் சாப்பிடும் அவசர இரவுச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பாதிக்கு மேல் ஒரே புகார்தான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, முட்டையை ஊற்றியதும் வெள்ளைக்கரு தொக்கோடு கலந்து நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. முட்டை பழசா?

முட்டை பழசாகவும் இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். பத்தில் எட்டு வீட்டில் குறை தொக்கில்தான் இருக்கும். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் போகுமுன் முட்டையை ஊற்றினால், வெள்ளைக்கரு பிடித்துக்கொள்ள இடமில்லாமல் மிதந்து கலையத்தான் செய்யும்.

இரண்டு பேருக்கு அளவு இது. நான்கு முட்டை, நன்றாகப் பழுத்த தக்காளி 400 கிராம் (நடுத்தர அளவில் ஐந்தாறு வரும்), பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஐந்தாறு பல், மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெயில் கை வைக்காதீர்கள். குறைத்தால் தக்காளி வதங்காது, வேகத்தான் செய்யும். கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். அப்புறம் பொடியாக நறுக்கிய தக்காளியையும் உப்பையும் சேர்த்துப் போடுங்கள். உப்பை இப்போதே போட்டால் தக்காளி சீக்கிரம் தண்ணீர் விட்டு இளகும். மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, குழம்பு மிளகாய்த் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி. மூடாமல், நடுத்தரத் தீயில் 12 முதல் 15 நிமிடம்.

கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். முதலில் சளசளவென்று கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் பொத் பொத்தென்று கனமான குமிழி உடையும். கடைசியில் அந்தச் சத்தமும் அடங்கி, ஓரத்தில் எண்ணெய் சுர்ரென்று பொரியும். அப்போது கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். வாணலியின் அடி தெரிந்து, அந்தப் பாதை உடனே மூடிக்கொள்ளாமல் நின்றால் தொக்கு தயார். மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள்.

தீயை நன்றாகக் குறைத்து, கரண்டியின் முதுகால் நான்கு குழி பறியுங்கள். முட்டையை நேராக உடைத்து ஊற்றாமல், ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துக் குழியில் இறக்குங்கள். ஓடு விழுந்தாலும், முட்டை கெட்டிருந்தாலும் கிண்ணத்தோடு போகும், பதினைந்து நிமிடம் வதக்கிய தொக்கு தப்பிக்கும். மூடி போட்டு நான்கைந்து நிமிடம். கிளறவே கூடாது. ஓரத்திலிருந்து கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளைக்கரு பால் நிறத்துக்கு மாறிக்கொண்டே உள்ளே போகும். மஞ்சள் கருவைத் தொடும்போது அணைத்துவிடுங்கள். இடையில் மூடியைத் திறந்தால் அதில் கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் முட்டை மேலே சொட்டும்.

முட்டை பழசா என்று பார்க்க, ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுங்கள். புதுசு அடியில் படுத்திருக்கும். நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகி, முட்டை நிமிர்ந்து நிற்கும். அது அவித்துத் தோலுரிக்க நல்லது, ஆனால் வெள்ளைக்கரு நீர்த்திருப்பதால் உடைத்து ஊற்ற ஏற்றதில்லை. மிதந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரும்பு வாணலியில் செய்யலாமா? நான்-ஸ்டிக் வேண்டாம் என்கிறார்களே.

இந்தச் சமையலுக்கு என் கை முதலில் போவது அடி கனத்த, அகலமான எவர்சில்வர் வாணலிக்குத்தான். அகலம் இருந்தால்தான் தண்ணீர் சீக்கிரம் சுண்டும், நான்கு முட்டைக்கும் இடம் கிடைக்கும்.

இரும்பு நல்ல பாத்திரம்தான், ஆனால் தக்காளியின் புளிப்பு இரும்பைக் கரைக்கும். பல வருடம் எண்ணெய் குடித்துக் கறுத்துப் பழகிய வாணலி என்றால் பரவாயில்லை, சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கரையும் இரும்பு உடம்புக்குச் சேரும் என்பதும் உண்மைதான். புது வாணலி என்றால் வேண்டாம். நான் வாங்கிய ஒரு வார்ப்பு வாணலியை மூன்று வாரம் பொறுமையாகப் பழக்கினேன். ஒரே ஒரு நாள் இந்தத் தொக்கைச் செய்து இரவு முழுக்க அதிலேயே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் தொக்கு கறுத்து, வாயில் வைத்தால் இரும்பு வாடை. வாணலியின் கறுப்புப் பூச்சு திட்டுத் திட்டாகப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணெய் தடவிப் பழக்க வேண்டியதாயிற்று.

நான்-ஸ்டிக்கில் செய்யலாம், வெறும் வாணலியை அதிகத் தீயில் காயவைக்காமல் இருந்தால் போதும். பூச்சில்லாத அலுமினியச் சட்டியில் வேண்டாம், புளிப்புக்கு அதுவும் கரையும். மண்சட்டி அருமை. அணைத்த பிறகும் சூடு நிற்கும் என்பதால் ஒரு நிமிடம் முன்னாடியே அணைத்துவிடுங்கள்.

முட்டை சைவமா, அசைவமா? வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் இதை 'வெஜிடேரியன்' என்றே போடுகிறார்கள். என் மாமியார் முட்டை தொட மாட்டார். ஒரே அடுப்பில் எப்படிச் சமாளிப்பது?

அங்கே கறி, மீன் சேராதது எல்லாம் வெஜிடேரியன், அதனால் முட்டையும் பாலும் அதில் அடங்கிவிடும். நம் நாட்டுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி பால் சைவம், முட்டை அசைவம். முட்டை சேர்த்த கேக் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்காது, பழுப்புக் குறிதான் இருக்கும். வீட்டு வழக்கமும் பெரும்பாலும் அதுவே. 'கறி மீன் கிடையாது, முட்டை மட்டும் உண்டு' என்று இருக்கும் வீடுகளும் நிறைய உண்டு. உங்கள் மாமியார் விஷயத்தில் அவர் சொல்வதுதான் கணக்கு.

நல்ல வேளையாக இந்தச் சமையலில் முட்டை கடைசியில்தான் வருகிறது. தொக்கு தயாரானதும் அவர் பங்கை வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியால் எடுத்து வைத்துவிடுங்கள். அதை வெறும் தொக்காகக் கொடுக்காமல், பனீர்த் துண்டுகளைப் போட்டு மூன்று நிமிடம் மூடி வையுங்கள். அவருக்கும் அது ஒரு முழுச் சாப்பாடாக இருக்க வேண்டும் இல்லையா? வாணலியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கழுவினாலும் சிலருக்கு முட்டை வாடை தெரியும்.

(முட்டையை விட்டுவிட்டு, அந்த ருசி மட்டும் வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டோஃபுவை உதிர்த்துத் தொக்கில் போட்டு, இறக்கும்போது ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு தூவுங்கள். அதிலுள்ள கந்தக வாசனைதான் முட்டையை நினைவுபடுத்தும்.)

இது ஷக்ஷூக்காதானே? பேரை மாற்றிச் சொல்கிறீர்களா?

இல்லை. ஷக்ஷூக்கா, தக்காளியில் முட்டையை உடைத்து ஊற்றிச் செய்யும் துனிசியா, லிபியா பக்கத்து வட ஆப்பிரிக்கச் சமையல். அங்கிருந்து 1950-களிலும் அதற்குப் பிறகும் குடியேறிய யூதர்கள் அதை இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அதில் சீரகமும் மிளகாய் விழுதும் வரும், தொட்டுச் சாப்பிட ரொட்டி. துருக்கியின் மெனெமென்னில் முட்டையை உடைத்துக் கலக்கிவிடுவார்கள். அதில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பது அங்கே இன்னும் தீராத வாதம். சீனாவில் முட்டையைத் தனியாகப் பொரித்துத் தக்காளியோடு சேர்த்து, ஒரு சிட்டிகைச் சர்க்கரை போட்டுச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், பார்சி வீடுகளில் தக்காளி மேல் முட்டை உடைத்து ஊற்றும் சமையல் அன்றாட உணவு.

தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி வந்தவை. போன இடத்தில் எல்லாம் முட்டையோடு சேர்ந்துகொண்டன. நம் ஊரில் சோம்பும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயும் கூடச் சேர்ந்தன. இதை ஷக்ஷூக்காவின் நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மஞ்சள் கரு ஒழுகுகிற மாதிரி இருந்தால்தான் என் கணவருக்குப் பிடிக்கும். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒரே வாணலியில் முடியுமா?

முடியும். உங்கள் முட்டை முழுசாக வெந்தே ஆகவேண்டும். சால்மொனெல்லா கிருமி இருந்தால் அரைவேக்காட்டில் சாகாது. சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதே விதிதான். வெள்ளைக்கரு 62, 63 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கும், மஞ்சள் கரு கெட்டியாக 70 டிகிரி வேண்டும். அதனால் உங்கள் முட்டைகளை முதலில் ஊற்றி, மஞ்சள் கருவைக் கரண்டியால் லேசாக உடைத்துவிட்டு மூடுங்கள். நான்கு நிமிடம் கழித்து அவருடையதை ஊற்றி, இன்னும் நான்கு நிமிடம். இரண்டும் ஒன்றாகவே இறங்கும். முட்டையை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

புளிப்பு தூக்கலாக இருக்கிறது. சர்க்கரை போடலாமா?

நாட்டுத் தக்காளி என்றால் அப்படித்தான் இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். வெல்லம் கால் தேக்கரண்டி போடலாம். வெங்காயத்தை இன்னும் ஒன்று கூட்டி நிதானமாக வதக்கினால் அதுவும் தேவைப்படாது. பெங்களூர்த் தக்காளிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது மட்டும் போட்டால் தொக்கு சப்பென்று இருக்கும். பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி விலை ஏறினால் என்ன செய்வது?

2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் இரண்டே தக்காளி, மூன்று வெங்காயம், கோலி அளவு புளியைக் கரைத்த நீர். ருசி கொஞ்சம் குழம்புப் பக்கம் சாயும், சோற்றுக்கு நன்றாகவே இருக்கும். விலை இறங்கும்போது இரண்டு கிலோ வாங்கித் தொக்காகச் சுண்டவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேலை முடிந்து வரும் இரவில் அதைச் சூடாக்கி முட்டை ஊற்ற பத்தே நிமிடம்தான் ஆகும்.

மிச்சமானால் மறுநாளைக்கு வைக்கலாமா?

தொக்கை வைக்கலாம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். முட்டையை வைக்காதீர்கள். சூடாக்கினால் ரப்பர் மாதிரி ஆகும், மைக்ரோவேவில் முழு மஞ்சள் கரு வெடிக்கவும் செய்யும். சாப்பிட உட்காருகிறவர்களுக்கு வேண்டிய முட்டையை மட்டும் உடையுங்கள். பிந்தி வருபவருக்குத் தொக்கை மூடி வைத்து, அவர் கை கழுவி வரும்போது புதிதாக ஒன்று ஊற்றிக் கொடுங்கள்.