வடிகட்டியதும் வாலையில் இறக்கியதும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

‘இருபது ஆண்டு வாசிப்பை வடிகட்டிச் சொன்னால்’ என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். வடிகட்டுவது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்பவன். நீங்கள் சொல்ல வந்தது இரண்டாவதைத்தானே? அப்புறம், ‘வடிகட்டின முட்டாள்’ என்கிறோமே, வடிகட்டினால் சுத்தமாகத்தானே ஆகவேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாட்டிக்கொண்டேன். இரண்டாவதைத்தான் சொல்ல வந்தேன்.

முட்டாளை முதலில் முடித்துவிடுவோம். அவரும் சுத்தமானவர்தான், மருந்துக்குக்கூடப் புத்தி கலக்காதவர். வடிகட்டின கஞ்சனும் அதே ரகம்.

‘வடி’ என்ற சொல்லே பொல்லாதது. சோற்றை வடித்தால் நிற்பது இலைக்கு. டீயை வடிகட்டினால் நிற்பது குப்பைக்கு. ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்று புறநானூற்றில் பொன்முடியார் பாடும்போதோ சொட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. சிலை வடிப்பதும் கவிதை வடிப்பதும் அந்தக் கொல்லனுக்குத்தான் உறவு.

சரி, உங்கள் பாடம். கடல் தண்ணீரை எத்தனை மடிப்புத் துணியில் வடிகட்டினாலும் உப்புக் கரிக்கும். கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால்தான் உப்பு பானையோடு நிற்கும். சித்த வைத்தியத்தில் அதற்கான பாத்திரம் வாலை, அதில் இறங்குவது தீநீர். டிஸ்டில்ட் வாட்டருக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கலாம். கடையில் ‘ஓம வாட்டர்’ என்று கேட்கிறோமே, அதுதான் ஓமத் தீநீர். ஓமம் ஒரு பொட்டு இருக்காது. வாசமும் காரமும் மட்டும்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் மண்ணையே இப்படி இறக்குகிறார்கள். சுட்ட மண்ணைத் தண்ணீரோடு தாமிர அண்டாவில் போட்டு, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக, குளிர்ந்த நீரில் அமிழ்ந்திருக்கும் குடத்துக்குப் போகும். குடத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மணம் அதில் ஏறிவிடும். மிட்டி அத்தர் என்று பெயர். குப்பியைத் திறந்தால் கோடை மழையின் முதல் தூறல் வாசம். மண் ஒரு துகள்கூடக் கிடையாது.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு என் கட்டுரையை எடுத்துப் படித்தேன். நோட்டில் குறித்துவைத்திருந்தவற்றில் சுமாரானதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை அடுக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். யாரிடம் எதைப் படித்தேனோ அது அப்படியே துண்டு துண்டாகக் கிடக்கிறது. அடியில் தீயே மூட்டவில்லை. ஆகவே ‘வடிகட்டி’ என்பதைத் திருத்தப்போவதில்லை, சார்.