வாசகர் கேள்வி: ஆம்பருக்குள் ஒரு காளான் ஈ

கேள்வி: வைக்கோலில் சிப்பிக் காளான் போட்டிருக்கிறேன். படுக்கையைச் சுற்றும் சின்னக் கருப்பு ஈயை உரித்து வைத்த மாதிரி ஒரு பூச்சி, பால்டிக் ஆம்பர் (பால்டிக் கடல் பகுதியின் புதைபடிவ மரப்பிசின்) என்று வாங்கிய கல்லுக்குள் இருக்கிறது. இது புதுப் பேரினமா (genus, நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) என்று எதை வைத்து முடிவுசெய்கிறார்கள்?
- மன்னார்குடி வாசகர்

பதில்: முதலில் குடும்பம். உங்கள் படுக்கை ஈ பெரும்பாலும் சியாரிடே குடும்பம். ஒன்றைப் பிடித்து நுண்ணோக்கியில் பாருங்கள்: இரு கண்களும் உணர்கொம்புக்கு மேலே பாலம்போல் சேர்ந்திருக்கும். கல்லுக்குள் இருப்பதில் அந்தப் பாலம் இல்லாமல், உடலை ஒட்டிய முதல் கால்துண்டு நல்ல நீளமாக, முதுகு கூனி இருந்தால் மைசிட்டோபிலிடே என்ற இன்னொரு காளான் ஈக் குடும்பத்தின் பக்கம் தேடலாம்.

பார்க்கும்முன் கல்லைத் தேய்க்க வேண்டும். வாட்டர் பேப்பர் 600, 1000, 2000 என்று வரிசையாக, தண்ணீர் விட்டுக் கையாலேயே தேயுங்கள். மெஷின் வேண்டாம், சூட்டில் ஆம்பர் நுணுக்கமாக வெடிக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றி, பழைய கோடு மறைந்தபின் அடுத்ததற்குப் போங்கள். நடுவில் கல்லையும் விரலையும் கழுவாவிட்டால் ஒட்டிவந்த ஒரே ஒரு 600 மணல் எல்லாவற்றையும் கீறிவிடும். பூச்சிக்கு மேல் அரை மில்லிமீட்டராவது விடுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெற்றுக்கூடு. திறந்துகொண்டால் தூளும் தண்ணீரும் புகுந்து பூச்சி போய்விடும். பிறகு ஒரு சொட்டு கிளிசரின், மேலே கண்ணாடி வில்லை. மீதிக் கீறல்கள் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இப்போது இறக்கை. அதன் நரம்புகளை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். முன்விளிம்பை ஒட்டிய எஸ்சி நரம்பு எங்கே முடிகிறது, ஆர் நரம்பின் கிளையான ஆர்-4 இருக்கிறதா, நடுவில் ஓடும் எம் நரம்பின் கவை எந்த இடத்தில் பிரிகிறது, விளிம்பு நரம்பு ஆர்-5 முனையைத் தாண்டி ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக வரைந்துகொள்ள வேண்டும். ஏமாறுவது இங்கேதான். ஆம்பரின் விரிசலும் நரம்புபோலவே தெரியும். கல்லைச் சற்றுச் சாய்த்தால் விரிசல் வெள்ளிபோல் பளிச்சிட்டு மறையும். நரம்பு அப்படியே நிற்கும், பல நரம்புகளில் வரிசையாக மயிரும் தெரியும். இரண்டு இறக்கையிலும் இருந்தால் மட்டும் நம்புங்கள். பால்டிக் கல்லில் பூச்சியின்மேல் பால்போல ஒரு வெள்ளைப் படலம் அடிக்கடி இருக்கும். அந்தப் பக்கம் தெரியாததை 'இல்லை' என்று எழுதக் கூடாது.

உணர்கொம்பில் அடிக்கணு இரண்டு, அதற்கு மேல் பொதுவாக 14. குறைவாக எண்ணினால் நுனியைப் பாருங்கள். கடைசிக் கணு கூம்பாமல் மொட்டையாக இருந்தால் ஒடிந்தது.

ஒரே ஒரு வித்தியாசம் புதுப் பேரினம் ஆகாது. ஆர்-4 ஒரே பேரினத்துக்குள்ளேயே சில சிற்றினங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. நரம்பு, உணர்கொம்பு, கால் முட்கள், ஆணின் பிறப்புறுப்பு எல்லாம் சேர்ந்து, உயிரோடு இருக்கும் பேரினங்களோடும் புதைபடிவப் பேரினங்களோடும் பொருந்தாமல் போக வேண்டும். பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். புதுப் பேரினத்தின் பெயர் செல்லுபடியாக, அதற்கு அடையாளமாக நிற்கும் மாதிரிச் சிற்றினம் (type species) ஒன்றைக் குறிக்க வேண்டும். 1930-க்குப் பிந்தைய பேரினப் பெயர்களுக்கு இது கட்டாயம். மூலமாதிரிக் கல்லை, அதாவது பெயருக்கு ஆதாரமான பூச்சி உள்ள கல்லை, அருங்காட்சியகம் போன்ற பொதுச் சேகரிப்பில் ஒப்படைப்பதே முறை. அலமாரியில் வைத்திருந்தால் அடுத்தவர் சரிபார்க்க வழியில்லை.

கேள்வி: கல் அசலா என்று வீட்டிலேயே பார்க்கலாமா?
- வேதாரண்யம் வாசகி

பதில்: உங்கள் ஊர் உப்பே போதும். 250 மில்லி தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரையுங்கள். ஆம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கும் மூழ்கும். சில பிளாஸ்டிக்கும், இன்னும் முதிராத பிசினான கோபாலும்கூட மிதக்கும் என்பதால் அத்தோடு நிறுத்த வேண்டாம். பூச்சி இல்லாத மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுத் தொடுங்கள். கோபால் பிசுபிசுக்கும், ஆம்பர் ஒட்டாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: நம் டெல்டாவில் ஆம்பர் கிடைக்குமா?
- திருவாரூர் மாணவர்

பதில்: வயலடி வண்டலில் தேடாதீர்கள்; அது ஆறு அண்மைக் காலத்தில் கொண்டுவந்து போட்ட மண். இந்தியாவில் பூச்சியுள்ள ஆம்பருக்குப் பேர்போன இடம் குஜராத்தின் தட்கேஷ்வர், வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். வயது 5 கோடி ஆண்டுக்கு மேல். அந்தப் பிசினைச் சுரந்தவை, நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்தைத் தரும் மரங்களின் குடும்பமான டிப்டெரோகார்ப்பேசியே.