பண்பாடு மட்டும்தான் காரணமா?

கணவரின் பாலியல் வன்முறையை மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண்கள் பலர் வெளியே சொல்லாதிருப்பதற்கு அவர்களுடைய பண்பாடுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு ஆம், ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போடுவது சரியன்று.

கன்னி மரியாளைப் போலப் பொறுமையும் தியாகமும் உடையவளே நல்ல மனைவி என்னும் எதிர்பார்ப்பை ஆய்வாளர்கள் மரியானிஸ்மோ என்கின்றனர். அதில் ஊறி வளர்ந்த பெண், அடி உதையைக் கொடுமை என்று ஒப்புக்கொண்டாலும், விருப்பமில்லாத உறவை மனைவியின் கடமையாகவே கருதக்கூடும். இந்த எண்ணத்துக்குச் சட்டமும் துணைநின்றது: மனைவியைக் கட்டாயப்படுத்துவது வன்புணர்ச்சி ஆகாது, உரிமையை முறைதவறிப் பயன்படுத்துவதே என்று 1994இல் கூறிய மெக்சிகோ உச்ச நீதிமன்றம், 2005இல்தான் அந்நிலையை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவும் இதில் பெருமை பேசுவதற்கில்லை. அங்கே எல்லா மாநிலங்களிலும் இது குற்றமானதே 1993இல்தான்.

என் பார்வையில், வசிப்புரிமை ஆவணம் இல்லாத பெண்ணுக்குக் குடியேற்ற நிலையே வாயைக் கட்டும் இன்னும் கனமான பூட்டு. போலீசுக்குப் போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள், பிள்ளைகள் என்னிடம்தான் இருப்பார்கள் என்று கணவர் மிரட்டலாம். மருத்துவமனையில் அவரோ மகனோ மொழிபெயர்த்தால், அவள் எதைத்தான் சொல்வாள்? கணவர் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால், அவருக்குத் தெரியாமல் அவளே வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க 1994ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வழிசெய்தது. அவரும் ஆவணமற்றவரானால் அந்த வழி அடைபடும். எஞ்சுவது, குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவும் வெளிநாட்டவருக்கான யு விசா; அதுவோ ஆண்டுக்கு 10,000 பேருக்கு மட்டுமே என்பதால், காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.