தீக்கு உயிர் உண்டா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘உயிருள்ளவை அசையும், உண்ணும், சுவாசிக்கும், வளரும், தூண்டினால் உணரும், கழிவை வெளியேற்றும், இனப்பெருக்கம் செய்யும்’ என்று மனப்பாடம் செய்கிறாள். கோவேறு கழுதை குட்டி போடுவதில்லை. தீயோ தின்கிறது, வளர்கிறது, பரவுகிறது. உயிர் என்றால் என்னவென்று விஞ்ஞானிகளுக்கே தெரியாது, பட்டியலை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். சரிதானே?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சரியில்லை. பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்பதுவரை உங்களோடு வருகிறேன். அங்கிருந்து ‘யாருக்கும் தெரியாது’ என்று தாவுகிறீர்களே, அதுவும் படிக்கிற பிள்ளையிடம், அதை ஏற்க முடியாது.

முதலில் கோவேறு கழுதை. செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறந்ததற்கு 63. அவை சரியாக ஜோடி சேராததால் விந்தோ முட்டையோ ஒழுங்காக உருவாவதில்லை. ஆனால் அதன் முதுகில் சேணம் உரசிப் புண்ணானால் ஆறிவிடுகிறது. தோலின் செல்கள் பிரிந்து புதுச் செல்களை உண்டாக்குகின்றன. இனப்பெருக்கத்தை முழு விலங்கில் மட்டும் தேடினால் வேலைக்காரத் தேனீயையும் உயிரில்லாதது என்று தள்ளிவிட வேண்டியிருக்கும்.

தீ நல்ல கேள்வி. இதை உங்கள் மகளே கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். தீ எரிபொருளைத் தின்கிறது, ஆக்சிஜனை எடுக்கிறது, சாம்பலை விடுகிறது. ஆனால் அதற்குப் பரம்பரை கிடையாது. மின்னல் விழுந்து பற்றிய விறகும் தீக்குச்சியால் பற்றிய விறகும் ஒரே மாதிரிதான் எரியும். எதிலிருந்து வந்தோம் என்ற பதிவு தீயிடம் இல்லை. எது எரிகிறதோ அதுதான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. புளியங்கொட்டையைச் செம்மண்ணில் போட்டாலும் கரிசலில் போட்டாலும் புளியமரம்தான் வரும்.

அந்தப் பதிவு டிஎன்ஏவில் இருக்கிறது. உங்கள் மகளின் பட்டியலில் இல்லாத, ஆனால் முதலில் இருந்திருக்க வேண்டிய பண்பு இதுதான்: பாக்டீரியா, காளான், வேப்பமரம், மனிதர் எல்லாம் செல்லால் ஆனவை, எல்லாவற்றிலும் மரபுச் செய்தி அநேகமாக ஒரே விதியில்தான் படிக்கப்படுகிறது. 1978இல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கான கட்டளையை டிஎன்ஏ துண்டுகளாகச் செய்து ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். குடலில் வாழும் அந்த நுண்ணுயிர் நம் கட்டளையைத் தன்னுடையதைப் போலவே படித்து, இன்சுலின் என்ற புரதத்தின் இரண்டு சங்கிலிகளையும் செய்து கொடுத்தது. 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. உயிர் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களால் இதைச் செய்திருக்க முடியுமா?

வைரஸை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 1935இல் அமெரிக்க விஞ்ஞானி வெண்டல் ஸ்டான்லி, புகையிலைச் செடியைத் தாக்கும் மொசைக் வைரஸைப் படிகமாக்கிக் காட்டினார். அந்தப் படிகம் எதையும் உண்ணவில்லை, சுவாசிக்கவில்லை. இலையில் தேய்த்தால் மட்டும் நோயைக் கொண்டுவந்தது. சொந்தமாகச் சக்தி தயாரிக்கவோ புரதம் செய்யவோ வைரஸுக்கு வழியில்லை. எல்லாம் புகுந்த செல்லின் செலவு. ஆகவே செல்லுக்கு வெளியே அது உயிரில்லாதது என்பது என் கட்சி. அது பரம்பரையாக மாறிக்கொண்டே வருவதால் உயிர்தான் என்று வாதிடுகிற விஞ்ஞானிகளும் உண்டு. எல்லைக்கோடு எங்கே என்று சண்டை போடுகிறவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியாது என்று ஆகிவிடாது.

சரி, மகளுக்கு என்ன செய்யலாம்? ‘சுவாசிக்கும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டி ஒரு பிளாஸ்க்கில் போடுங்கள். இன்னொரு பிளாஸ்க்கில் அதே அளவு பயறை வேகவைத்து, நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள். இரண்டின் வாயையும் பஞ்சால் அடைத்து, உள்ளே ஆளுக்கொரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், பள்ளி ஆய்வகத்தில் இருப்பது வேண்டும். மறுநாள் காலையில் முளைப்பயறு சூடேறியிருப்பதை அவளே குறித்துக்கொள்வாள்; சுவாசத்தில் வெளிப்படும் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. சில நாள் கழித்து வேகவைத்த பயறும் சூடானால், சோதனை கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பாக்டீரியா குடியேறிச் சுவாசிக்கத் தொடங்கியிருக்கும்.