கேள்வி – பதில்: சோதோமை விட்டுவிட்டுப் பேசுவோம்

கேள்வி: எங்கள் சபையில் சோதோம் கொமோராவை வைத்து, ஓரினச்சேர்க்கை பாவம் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் நடந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போகும் மெதடிஸ்ட் சபையிலோ இரண்டு ஆண்களுக்குக் கல்யாணமே செய்து வைக்கிறார்களாம். இரண்டு சபையிலும் இருப்பது ஒரே பைபிள்தானே? ஒரு தரப்பு வேதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தூக்கிப் போட்டவர்களும் உண்டு, ஆனால் சண்டை அவர்களோடு இல்லை. இரண்டு பக்கமும் வரிவரியாக வேதம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இது இன்னும் முடியவில்லை. இத்தனைக்கும் சண்டைக்குக் காரணமான பகுதிகளை எண்ணினால் ஆறு ஏழுக்கு மேல் தேறாது.

முதலில் உங்கள் பாஸ்டர் எடுத்த சோதோம். என்னைக் கேட்டால் இந்த விவாதத்திலேயே பலவீனமான ஆதாரம் அதுதான். ஆதியாகமம் 19-இல் ஊர் ஆண்கள் கூட்டமாக வந்து, லோத்துவின் விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்யப் பார்க்கிறார்கள். நியாயாதிபதிகள் 19-இல் கிபியா ஊரிலும் கிட்டத்தட்ட இதே காட்சி, அங்கே ஒரு பெண் இரவெல்லாம் சீரழிக்கப்பட்டுச் செத்துப்போகிறாள்; அதை வைத்து ஆண்-பெண் உறவே பாவம் என்று யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமம் என்று சொல்வது கர்வத்தையும், வயிறு நிறைந்த சுகவாழ்வையும், ஏழைக்குக் கைகொடுக்காததையும். அடுத்த வசனத்தில் ‘அருவருப்பு’ வருகிறதே, யூதா 7-இல் ‘அந்நிய மாம்சம்’ வருகிறதே, அதெல்லாம் பாலியல் பாவம்தானே என்பார்கள், வருகிறதுதான். ஆனாலும் பாரம்பரியக் கருத்துள்ள, அதாவது இது பாவம் என்கிற, வேத அறிஞர்களிலேயே பலர் சோதோமை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

லேவியராகமம் 18:22-உம் 20:13-உம் நேரடியானவை, ஆணோடு ஆண் சேரக் கூடாது என்கின்றன. உடனே எதிர்த்தரப்பு, “அதே புத்தகம் இரண்டு நூல் கலந்த துணியையும் உடுத்தாதே என்கிறது, நீங்கள் உடுத்துகிறீர்களே” என்று மடக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதே 18-ஆம் அதிகாரத்தில்தான் தகப்பன் மனைவியைச் சேராதே, பிள்ளையை மோளேகு என்ற தெய்வத்துக்குப் பலி கொடுக்காதே என்பதும் இருக்கிறது, அதெல்லாம் காலாவதியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தகப்பன் மனைவி விஷயத்தைப் பவுல் 1 கொரிந்தியர் 5-இல் கடுமையாகவே கண்டிக்கிறார். ஆக, துணியைக் காட்டி மட்டும் இந்த வசனங்களிலிருந்து தப்பிக்க முடியாது.

உண்மையான வழக்கு ரோமர் 1:26-27-இல்தான்; பெண்ணோடு பெண்ணும் ஆணோடு ஆணும் சேர்வது ‘சுபாவத்துக்கு விரோதம்’ என்று பவுல் அங்கே எழுதுகிறார். பாரம்பரியத் தரப்பு சொல்வது: பவுல் அங்கே சிருஷ்டிப்பையே நினைத்து எழுதுகிறார், ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினார் என்ற ஆதியாகமம் 1-இன் எதிரொலி அந்தப் பகுதி முழுக்கக் கேட்கிறது, ஆகவே அது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். மறுதரப்பு சொல்வது: பவுல் கண்ணெதிரே இருந்தது ரோம உலகம், அங்கே எஜமான் அடிமையையும் பெரியவன் சிறுவனையும் இச்சைக்குப் பயன்படுத்தினான், ஆயுள் முழுக்க உண்மையாக வாழும் இரண்டு பேரைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை, தவிர, ஆண் நீள மயிர் வளர்ப்பது கனவீனம் என்று ‘சுபாவமே’ போதிக்கிறது என்றும் இதே பவுல் 1 கொரிந்தியர் 11-இல் எழுதுகிறார், அதை யார் சட்டமாக வைத்திருக்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்குப் பலமாகப் படுகிறது. ஆனால் பவுல் பெண்களையும் சேர்த்துச் சொல்கிறாரே, அங்கே அடிமையும் சிறுவனும் எங்கே வந்தார்கள் என்று பாரம்பரியத் தரப்பு திருப்பிக் கேட்பதற்கும் நல்ல பதில் வருவதில்லை.

தம்பியின் சபை விஷயம். ஐக்கிய மெதடிஸ்ட் சபை 1972-இல், ஓரினச்சேர்க்கை கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று தன் விதிநூலில் எழுதியது. 2019-இல் சிறப்பு மாநாடு கூட்டி அதை இன்னும் இறுக்கினார்கள். அப்புறம் 2023-க்குள் அமெரிக்காவில் 7,600-க்கும் மேற்பட்ட சபைகள், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கட்டடத்தோடு பிரிந்துபோயின, பெரும்பாலும் பாரம்பரியக் கருத்துள்ளவை. மிச்சமிருந்தவர்கள் 2024-இல் சார்லட் நகரில் கூடி அந்த வரியை நீக்கினார்கள். இப்படிப்பட்ட கல்யாணத்தை நடத்த இஷ்டமில்லாத போதகர் இப்போதும் மறுக்கலாம், கட்டாயம் இல்லை. இந்தியாவின் மெதடிஸ்ட் சபை 1981 முதல் தனி நிர்வாகம் என்பதால் இங்கே அந்த முடிவு செல்லாது.

கேள்வி: “இயேசு இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதோடு விஷயம் முடிந்தது” என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். சரியா?
— வாசகி, திருச்சி

பதில்: பேசவில்லை என்பது சரி, முடிந்தது என்பது சரியில்லை. விவாகரத்தைப் பற்றிக் கேட்டபோது மத்தேயு 19-இல் அவர் ஆதியாகமத்தின் ஆண்-பெண் வசனத்தைத்தான் எடுத்துப் பேசினார். மகளிடம் இதைவிடப் பலமான வாதம் ஒன்றைக் கொடுங்கள்: அப்போஸ்தலர் 15. விருத்தசேதனம் நித்திய உடன்படிக்கை என்று எழுதியிருந்தும், புறஜாதியாரிடம் பரிசுத்த ஆவி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த சபை அவர்களை அப்படியே சேர்த்துக்கொண்டது, இப்போதும் அப்படிச் செய்யலாமே என்பது வாதம். 1996-இல் பாரம்பரிய நிலைப்பாட்டை ஆணித்தரமாக எழுதிய அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் ஹேஸ், 2024-இல் மகனோடு சேர்ந்து எழுதிய நூலில் கருத்தை மாற்றிக்கொண்டார். அதே நாலைந்து வசனங்களை மறுபடி பிழிந்து அவர் மாறவில்லை, தேவனுடைய இரக்கம் வேதம் முழுக்க விரிந்துகொண்டே போகிறது என்ற வழியில்தான் வந்தார். உடனே எதிர்ப்பும் வந்தது. நீங்கள் மறுக்க நினைத்தால், அதே அப்போஸ்தலர் 15-தான் புறஜாதியாரை வேசித்தனத்துக்கு விலகியிருக்கச் சொல்கிறது என்று காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள். மகன் தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று சொல்லிவிட்டான். ஜெபித்து மாற்றிவிடலாம் என்று ஒருவர் அழைக்கிறார். போகலாமா?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: போக வேண்டாம். உங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஓரினப் பாலுறவை ஏற்கவில்லை, கற்போடு வாழவே அழைக்கிறது. ஆனால் ஈர்ப்பு இருப்பதையே பாவம் என்று அது சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்று 2358-ஆம் எண்ணில் எழுதியே வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் வத்திக்கான், திருமணச் சடங்காகத் தோன்றாத வரையில் இப்படிப்பட்ட இணையருக்கும் குரு ஆசி கொடுக்கலாம் என்றது. ஆப்பிரிக்க ஆயர்கள் அதை எங்கள் நாடுகளில் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெபத்தால் ஈர்ப்பை மாற்றும் முயற்சிக்கு அமெரிக்காவில் தலைமையாக இருந்த எக்சோடஸ் இன்டர்நேஷனல், பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு 2013-இல் கடையைக் கட்டியது. இங்கே சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் இப்படிப்பட்ட ‘குணமாக்கும்’ மருத்துவ முயற்சிகளைத் தடுக்க உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர் இதைச் செய்தால் தொழில்முறைக் குற்றம் என்றது. உங்களை அழைப்பவர் மருத்துவரே இல்லை என்றால் இன்னும் தள்ளியே இருங்கள். பையன் வீட்டில்தானே இருக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வழக்கம்போல அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.