12 நாள் ஆல்ப்ஸ் பயணத்துக்குச் சொந்த பைக் தேவையா?

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி மூன்றையும் 12 நாளில் சுற்ற, சொந்த பைக்கைக் கப்பலில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் 400 கிலோமீட்டர் என்றும் திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

வண்டியை அனுப்பாதீர்கள். கப்பலில் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும், திரும்பி வரவும் அதே கதைதான். பல மாதப் பயணம் என்றால் சரி, 12 நாளுக்குக் கட்டுப்படியாகாது. அங்கேயே வாடகைக்கு எடுங்கள். எல்லை தாண்டி ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கேளுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பயணக் காப்பீட்டில் 125 சிசிக்கு மேல் விலக்கு இருக்கலாம். பொடி எழுத்தையும் விடாமல் படியுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை அந்த 400 கிலோமீட்டர்தான். இத்தாலியில் இருக்கும் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம், அடிவாரத்து பிராட்டோ ஊர்ப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், ஏறும்போது வலது வளைவுகள்தான் மிகக் குறுகலாக வரும். முதல் கியரில், மேலே இருந்து யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு, அகலமாக உள்ளே நுழையுங்கள். இப்படி நாலைந்து வளைவு ஏறினாலே தோள் வலிக்கும். மலை நாட்களுக்கு 200, 250 போதும். நடுவே ஒரு நாள் ஓய்வு வையுங்கள்.

உயரமான கணவாய்கள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், சில ஜூனில்தான் திறக்கும். எந்த மாதம் போகிறீர்கள்?