வீட்டில் கார்க் தரை போடலாமா? ஆள் வைக்காமல் நாமே போட முடியுமா?

கேள்வி கேட்டவர் டொராண்டோ பக்கம் 1980களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். மாடி அறைகளில் இருக்கும் பழைய கார்ப்பெட்டை எடுத்துவிட்டு கார்க் போடலாமா, லேமினேட்டே (மேலே மரம்போல் அச்சிட்ட பலகை) போதுமா, நாமே போட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

போடலாம், நாமே போடவும் முடியும். ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளுக்கும் ஹாலுக்கும் நானும் என் மனைவியுமாகத்தான் போட்டோம். ஏழு குளிர்காலம் ஆகிவிட்டது.

நாங்கள் கார்க் பக்கம் போனதற்குக் காரணம் அம்மா. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியபோது அவருக்கு முழங்கால் வலி. ஜனவரியில் டைல்ஸ் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது, சாக்ஸ் போட்டால் லேமினேட்டில் வழுக்கும். போதாததற்கு, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியே பழகியவர். கடையில் லேமினேட், வினைல், மரம், கார்க் என்று நாலு மாதிரித் துண்டு வாங்கி வந்து சமையலறையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் அவரைச் சற்று நேரம் நிற்கச் சொன்னேன். கார்க்கில் ஏறியவர் இறங்கவில்லை, அதன் மேலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். நீங்களும் இப்படியே செய்து பாருங்கள். கடை வெளிச்சத்தில் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பாட்டில் தக்கையும் இறகுப்பந்தின் அடிப்பகுதியும் எந்தப் பொருளோ அதுதான் இதுவும். கார்க் ஓக் என்ற மரத்தின் பட்டை. உலகத்தின் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் கிடைக்கிறது. மரத்தை வெட்டுவதில்லை, 9 ஆண்டுக்கு ஒரு முறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள், அது மறுபடி வளர்கிறது. எந்த ஆண்டு உரித்தது என்று தெரிய அந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வெள்ளையில் எழுதி வைப்பார்கள். பாட்டில் தக்கை குடைந்தபின் மிஞ்சும் பட்டையை அரைத்து, அழுத்தித்தான் தரைக்கான பலகை செய்கிறார்கள். 1665இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தது இந்தக் கார்க்கின் அறைகளைத்தான். மூடிய சின்னச் சின்ன அறைகள், உள்ளே காற்று. அதனால்தான் மிதித்தால் அமுங்கி எழும்புகிறது. காலின் சூட்டை உறிஞ்சாததால் வெதுவெதுப்பாகவும் தெரிகிறது. ஹாலில் எவர்சில்வர் டம்ளர் விழுந்தால்கூட முன்போல வீடே அதிராது. 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வாங்கப் போனால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, பசையால் ஒட்டும் சதுர டைல். முழுக்க கார்க், மெல்லியது. நன்றாக உழைக்கும், ஆனால் அடித்தரை கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கவேண்டும். ஒட்டும் பசையும் தொட்டதும் பிடித்துக்கொள்ளும் ரகம், வைத்தபின் நகர்த்த முடியாது. முதல் முறை போடுகிறவர் அதில் இறங்க வேண்டாம். இன்னொன்று கிளிக் பலகை. மேலே கார்க், நடுவில் எச்டிஎஃப் என்ற அழுத்திய மரத்தூள் அட்டை, அடியில் மறுபடி கார்க். மொத்தம் 10 முதல் 12 மி.மீ. பசையும் ஆணியும் வேண்டாம். ஒன்றோடொன்று கோத்து, தரை மேல் சும்மா படுத்திருக்கும். உங்களுக்கு இதுதான் சரி. விலை லேமினேட்டைவிடக் கூடத்தான். ஆனால் கூலி மிச்சமாகிறதே.

இதன் எதிரி தண்ணீர். மேலே உள்ள கார்க் தாங்கும், நடுவில் உள்ள அட்டை தாங்காது. மூட்டு வழியாக நீர் இறங்கினால் ஊதிவிடும், ஊதியது பிறகு வற்றாது. அதனால் குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் கிளிக் பலகை வேண்டாம். ஊரில்போல வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிற பழக்கமும் இங்கே ஆகாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

அடுத்து வேலைக்கு வருவோம். பலகை உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரமாவது பெட்டிகளைப் படுக்க வைத்துவிடுங்கள். அந்த இரண்டு நாளில் கார்ப்பெட்டை எடுக்கலாம். கார்ப்பெட்டைச் சுருட்டுவது அரை மணி வேலைதான். கார்ப்பெட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஓரத்து ஆணிப் பட்டைகளை நெம்பி, அடியில் அடித்த ஸ்டேப்பிளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. ஒன்று விட்டாலும் பின்னால் காலடியில் கிறீச்சிடும். பிளைவுட் எங்கே முனகுகிறதோ அங்கே திருகாணி போட்டு இறுக்குங்கள். நீளமான சட்டத்தை வைத்துப் பார்த்து, மேட்டைத் தேய்த்து பள்ளத்தை நிரப்புங்கள். 10 அடி நீளத்தில் 3/16 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கார்க் மென்மையானது, கீழே உள்ள பள்ளத்தை அப்படியே காலுக்குச் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை: கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய வினைல் டைல் வந்தால் அதை உடைக்காதீர்கள். உங்கள் வீட்டு வயதுக்கு அதில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பலகைகளை ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக எடுக்காமல் மூன்று நாலு பெட்டிகளைத் திறந்து கலந்து போடுங்கள். கார்க்கில் பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும். அளவில் 10 சதவீதம் கூட வாங்குங்கள். 12க்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி, வாங்க வேண்டியது 185. கடைசி வரிசை இரண்டு அங்குலத்துக்கும் குறைவாக ஒல்லியாக வரும் போலிருந்தால், அதை முன்பே கணக்குப் பார்த்து முதல் வரிசையின் அகலத்தையும் கொஞ்சம் அறுத்துக்கொள்ளுங்கள், கடைசி வரிசை அகலமாக வரும். சுத்தியால் பலகையை நேரே தட்டாதீர்கள், ஓரம் பிய்ந்துவிடும். இடையில் ஒரு கட்டை வைத்துத் தட்டுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் ஓரமெல்லாம் அரை அங்குல இடைவெளி விட வேண்டும். கதவு நிலை, ஹீட்டர் குழாய், தூண், எதுவாக இருந்தாலும் விட வேண்டும். இந்தத் தரை கோடையில் விரியும், குளிர்காலத்தில் சுருங்கும். நான் மூன்று சுவரில் ஒழுங்காக விட்டேன். தோட்டத்துக் கதவின் நிலை ஓரத்தில் மட்டும், பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று பலகையை ஒட்டிச் செருகிவிட்டேன். நவம்பரில் போட்டது, அழகாகத்தான் இருந்தது. ஜூலையில் புழுக்கம் வந்ததும் ஹால் நடுவில் ஒரு மேடு கிளம்பியது. மிதித்தால் இறங்கும், காலை எடுத்தால் எழும்பும். தண்ணீர்தான் எங்கோ புகுந்துவிட்டது என்று பயந்து மூன்று நாள் தேடினேன். கடைசியில் அந்த இடைவெளியை மறைக்கச் சுவர் ஓரத்தில் அடித்த பட்டைகளைக் கழற்றிப் பார்த்தால், அந்த நிலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையவில்லை. அங்கே அரை அங்குலம் அறுத்து எடுத்தேன். மறுநாளே மேடு தணியத் தொடங்கியது, வாரக் கடைசியில் இருந்த இடமே தெரியவில்லை. குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறாக, ஹீட்டர் காற்றை வறட்டி மூட்டுகளை விலக்கும். காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபயர் வைத்து ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

போட்டு முடித்தபின் பார்த்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கட்டில், பீரோ கால்களுக்கு அகலமான கிண்ணம் வையுங்கள், இல்லாவிட்டால் குழி விழும். எங்கள் குத்துவிளக்கு நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு மனைப்பலகை மேல்தான் விளக்கு. அடியில் ரப்பர் உள்ள பாய் போடாதீர்கள், கறை பிடித்தால் போகாது. வெயில் நேரே விழும் ஜன்னலுக்குத் திரை அவசியம். ஒரு வருடம் கழித்து பாயை நகர்த்தியபோது அடியில் ஒரு நிறம், சுற்றிலும் வெளிறி இன்னொரு நிறம்.

நீங்கள் கேட்டது மாடி அறை என்பதால் தரைக்குக் கீழே உள்ள அடித்தளத்தை (பேஸ்மென்ட்) பற்றி நீட்டவில்லை. எப்போதாவது அங்கேயும் போட நினைத்தால், முதலில் இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சரிசெய்யும் வரை அங்கே எந்தப் பலகையும் வேண்டாம். அப்புறம் மாடிப்படி: கிளிக் பலகையைப் படியில் மிதக்க விட முடியாது, பசை போட்டு ஒட்டி விளிம்புப் பட்டை பொருத்த வேண்டும். ஒரு படி ஆடினாலும் ஆள் விழுந்துவிடுவார். அதற்கு மட்டும் நான் அனுபவமுள்ள தச்சர் ஒருவரைத்தான் கூப்பிட்டேன்.